பெற்ற வாயும் வளர்த்த பாட்டும்

நவராத்திரியில் ஒரு நாள் மாலை, நானும் என் மனைவியும் நண்பர் ஒருவர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். கூடம் நிறையப் பெண்கள். சுண்டல் மணம் வாசல் வரை வந்து வரவேற்றது. நண்பரின் பெண்ணுக்கு ஒன்பது வயது. பட்டுப் பாவாடையைச் சரிசெய்து கொண்டு கொலுவின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினாள். பாட்டி சொல்லிக் கொடுத்த பாட்டு. சரணத்தில் ஓர் இடத்தில் பாட்டிக்கு மூச்சு வாங்கும். சொல்லின் நடுவே ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போவாள். குழந்தைக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்? இருந்தாலும் அவளும் அதே இடத்தில் நிறுத்தினாள். அதே போல் இழுத்து, அதே போல் அடுத்த எழுத்தைப் பிடித்தாள்.

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து, "அச்சாகப் பாட்டி குரல்! ரத்தம் எங்கே போகும்?" என்றார்.

கூடத்தில் சட்டென்று பேச்சு அடங்கிவிட்டது. ஏனென்றால், குழந்தைக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு துளி ரத்தம்கூடப் பொது கிடையாது. நண்பரும் அவர் மனைவியும் வெகு காலம் காத்திருந்து, கைக்குழந்தையாக அவளைத் தத்து எடுத்துக்கொண்டவர்கள். விஷயம் குழந்தைக்கும் தெரியும். விவரம் தெரிந்த நாளிலேயே சொல்லிவிட்டார்கள்.

சாய்வு நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் அந்த மௌனத்தைக் கலைத்தார். கலைக்காமலே இருந்திருக்கலாம். "ரத்தமாவது, ஒன்றாவது! குயிலைக் காக்கைதான் வளர்க்கிறது. அதற்காக அது கரையவா செய்கிறது? நாள் வந்தால் பிறவிக் குரல் தானாக வெளிவரும்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஒரு சாமர்த்தியமான பேச்சு வாயில் வந்துவிட்டது. அதை விழுங்க மனம் வரவில்லை. நம்மில் பலருக்கும் உள்ள வியாதிதான்.

குழந்தை பாட்டியின் புடைவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "பாட்டி, அப்படின்னா இது என் பாட்டு இல்லையா?" என்று கேட்டாள்.

பாட்டி பதில் சொல்லவில்லை. சுண்டல் கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள். அவ்வளவுதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பெரியவரின் பேச்சு மட்டுமல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன் இதே நண்பர் என்னிடம் வந்து, தத்து எடுப்பதைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டார். "நன்றாக யோசித்துச் செய்யுங்கள். விதை என்று ஒன்று இருக்கிறது" என்று நான் சொன்னேன். அதே பெரியவரின் பேச்சுத்தான். கொஞ்சம் நாசூக்காகச் சொன்னேன். போதாக்குறைக்கு நான் கதை எழுதிப் பிழைப்பவன். என் நாவல்களில் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் இருபது வருஷம் கழித்து மச்சத்தினால் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். முன்பின் பாராத மகனைக் கண்டதும் தாய்க்கு இனம் தெரியாத பாசம் பொங்கியிருக்கிறது. "தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்பதை மூலதனமாக வைத்து நான் சம்பாதித்திருக்கிறேன். வளர்த்த தாய்மார்கள் என் கதைகளில் கடைசி அத்தியாயத்துக்கு முன்னதாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகிப் போய்விடுவார்கள். ஆகவே, குழந்தையின் கேள்வி எனக்கும் சேர்த்து விடுக்கப்பட்டதாகவே பட்டது.

பெரியவர் குயிலைச் சாட்சிக்கு அழைத்தார். குயில் சொன்ன சாட்சியம் பொய்யல்ல. காக்கைக் கூட்டில் பொரிந்த குயில் வளர்ந்தபின் குயிலாகத்தான் கூவுகிறது. ஆனால் மாற்றான் கூட்டில் வளரும் பறவை குயில் ஒன்றுதானா? வேறு சாட்சி கிடையாதா? இந்தத் தேடல் என்னை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டது. கப்பல் ஏறவில்லை, புத்தகங்கள் மூலமாகத்தான்.

சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே ஒரு சிறு பறவைக் குடும்பம் இருக்கிறது. மொத்தம் 20 இனங்கள். எல்லாம் சிட்டுக்குருவி அளவோ, அதற்கும் சிறியவையோதான். ஒன்றுகூடத் தன் முட்டையைத் தான் அடைகாப்பதில்லை. அயலார் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும். இந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் சூட்டிய பெயர் 'விதுவா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'விதவை' என்று பொருள். லத்தீன் 'விதுவா'வும் சம்ஸ்கிருத 'விதவா'வும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த சகோதரிகள் என்று மொழிநூலார் சொல்கிறார்கள்.

ஏன் விதவை? இவற்றில் சிலவற்றுக்கு உடம்பைவிட நீண்ட கறுப்பு வால் உண்டு. அதைப் பார்த்த ஐரோப்பியர்களுக்குத் தங்கள் ஊர் விதவைகளின் துக்க உடை நினைவுக்கு வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த வால் பெண் பறவைக்குக் கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை பெண்ணைக் கவர்வதற்காகத் தரிக்கும் கல்யாண வேஷம் அது! மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவனைப் பார்த்து, 'ஐயோ பாவம், விதவை' என்று ஏட்டில் எழுதிவிட்டார்கள். வெளியில் நின்று பெயர் வைப்பவர்களின் கண் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்தக் குடும்பத்தில் ஒரு கிளைக்கு வால் நீளம் இல்லை. ஆண்கள் கறுப்பு, வெயிலில் நீலமோ பச்சையோ ஊதாவோ மினுமினுக்கும். அவுரிச் சாயத்தை நினைவூட்டுவதால் அவற்றை அவுரிக் குருவிகள் என்று அழைக்கலாம். பெண்களும் குஞ்சுகளும் பழுப்பு நிறம், கோடுகள் உண்டு, நம் வீட்டு முற்றத்துச் சிட்டுப் போல் இருக்கும். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பாடம் செய்த தோல்களை இழுப்பறைகளில் அடுக்கிய பண்டிதர்களுக்கு இவை பெருந்தலைவலியாக இருந்தன. மினுமினுப்பில் ஒரு சாயல் வித்தியாசம். காலில் சிவப்பு அல்லது வெளுப்பு. இவற்றை வைத்து எத்தனை இனம் என்று சொல்வது? ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. குடும்பத்தையே நம் தூக்கணாங்குருவியின் குடும்பத்தோடு சேர்த்து எழுதி வைத்த காலமும் உண்டு.

செத்த பறவை பாடாது. சிக்கலை அவிழ்க்க உயிருள்ள பறவையின் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் யூர்கன் நிக்கோலாய் அப்படிக் காது கொடுத்தவர். 1964இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சியில் ஓர் அதிசயத்தைச் சொன்னார். இந்த ஆண் பறவைகள் பாடும் பாட்டில் ஒரு பகுதி அவற்றின் சொந்தப் பாட்டு அல்ல. வளர்த்த குடும்பத்தின் பாட்டு!

வளர்ப்பவை யார் தெரியுமா? சில்லை ஜாதியைச் சேர்ந்த சின்னஞ்சிறு பறவைகள். அவற்றில் ஒன்று செந்நிறத் தீச்சில்லை. கிராமத்துக் குடிசைகளின் அருகே மனிதர்களுக்குப் பயப்படாமல் தத்தித் தத்திப் பொறுக்கித் தின்னும். புல்லால் பந்து போல் கூடு கட்டி உள்ளே இறகு பரப்பி வைக்கும். அந்தக் கூட்டில் அவுரிக் குருவி முட்டையிட்டுவிட்டுப் போகும். குஞ்சு பொரிந்ததும் தீச்சில்லைக் குஞ்சுகளோடு சேர்ந்து வாயைத் திறக்கும். ஒவ்வொரு சில்லை இனத்தின் குஞ்சுக்கும் அண்ணத்தில் தனியான புள்ளிகளும் வாயோரத்தில் தனியான மணிகளும் உண்டு. அவுரிக் குஞ்சின் வாயில் அதே புள்ளிகள், அதே மணிகள் பிறவியிலேயே அமைந்திருக்கின்றன! தாய்ச்சில்லைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எல்லா வாய்க்கும் ஊட்டுகிறது. குயில் குஞ்சுகளில் சில, கூட்டுச் சகோதரர்களைத் தள்ளிக் கொன்றுவிடும் என்று படித்திருக்கிறோம். அவுரிக் குஞ்சு பொதுவாக அந்தப் பாதகம் செய்வதில்லை, கூடவே வளர்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பேய்ன் இந்தப் பாட்டுகளை ஆப்பிரிக்காவில் பல இடங்களிலும் ஒலிப்பதிவு செய்தார். 1973இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பறவை எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை இறகு சொல்லாத இடத்தில், அதன் பாட்டு சொல்லிவிடுகிறது என்று காட்டினார். எந்த வீட்டுப் பாட்டைப் பாடுகிறதோ அந்த வீட்டுப் பிள்ளை!

நைஜீரியாவில் ஜோஸ் பீடபூமி என்று ஒரு பிரதேசம். அங்கே வாழும் அவுரிக் குருவிக்குப் பேய்ன் 1982இல் தனிப் பெயர் கொடுத்தார். அது பாடிய பாட்டு மட்டும் நெருடலாகவே இருந்தது. அதுவரை அறியப்பட்ட தீச்சில்லை எதனுடைய பாட்டோடும் அது சரியாகப் பொருந்தவில்லை. பாட்டு இருக்கிறது, பாட்டைக் கற்றுக்கொடுத்தவளைக் காணோம். அந்தப் பாட்டின் தடம் பிடித்துப் போய், பாறைக் குன்றுகளில் வாழும் ஒரு தீச்சில்லையைக் கண்டுபிடித்தார்கள். உலகத்துக்கே புதிய இனம். 1998இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. வளர்ப்புப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த பாட்டு, வளர்த்த தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதை உலகத்துக்கு அறிவித்தது! நான் எழுதிய நாவல்களில் இப்படி ஒரு கட்டம் எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த இடத்தில் நம் பெரியவர் குறுக்கிடுவார். "அந்தப் பாட்டு வளர்ப்பினால் வந்தது என்று எப்படித் தெரியும்? வாய்ப் புள்ளியைப் போல அதுவும் பிறவியிலேயே வந்திருக்கலாமே?" என்பார். நியாயமான கேள்வி. இதற்குப் பேய்னும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனையின் முடிவு 2000இல் வெளிவந்தது. அவுரிக் குருவிகளைக் கூண்டில் வளர்த்தார்கள். சில குஞ்சுகளை வழக்கமான தீச்சில்லையிடம் விடாமல், வங்காளச் சில்லை எனப்படும் வீட்டுப் பறவையிடம் விட்டார்கள். வங்காளம் என்று பெயரே தவிர அது ஜப்பானில் பழக்கப்படுத்திய பறவை. நம் நாட்டிலும் வாழும் வெண்முதுகுச் சில்லையின் வழிவந்தது. ஆப்பிரிக்க அவுரிக் குருவியின் பரம்பரையில் எந்த மூதாதையும் அதன் பாட்டைக் கேட்டிருக்க வழியில்லை. குஞ்சுகள் வளர்ந்து ஆளாயின. ஆண்கள் வங்காளச் சில்லையின் பாட்டைப் பாடின. அங்கே வளர்ந்த பெண்கள் அந்தப் பாட்டைப் பாடும் ஆண்களையே நாடின. முட்டையிட வேளை வந்தபோது, தாங்கள் வளர்ந்த ஜாதியின் கூட்டையே தேடிப் போயின.

தீச்சில்லையை நம்ப வைப்பதற்காக அமைந்த வாய்ப் புள்ளிகள் அந்தக் குஞ்சுகளுக்கு அப்படியே இருந்தன. அது பெற்றவள் கொடுத்த சீதனம். அந்த வாயிலிருந்து வந்த பாட்டோ வளர்த்தவள் வீட்டுப் பாட்டு. ஒரே உயிரில் இரண்டும் சண்டையில்லாமல் குடியிருந்தன.

இன்னும் ஒன்று. நிக்கோலாய், வளர்க்கும் இனங்களும் வளரும் இனங்களும் ஆதிகாலம் முதல் ஜோடி ஜோடியாகப் பிரிந்து வந்திருக்கின்றன என்று கருதினார். ஒவ்வொரு வம்சமும் தனித் தனி என்பது அவர் எண்ணம். ரத்தத்தில் உள்ள மரபணுவைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அந்த எண்ணம் மாறிற்று. சோரன்ஸன், செஃப்க், பேய்ன் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அவுரிக் குருவி இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தது சமீப காலத்தில்தான். மரபணுவில் அவற்றுக்குள் வித்தியாசம் மிகக் குறைவு. எங்கோ ஒரு பெண் பறவை வழக்கம் தவறி வேறொரு வீட்டுக் கூட்டில் முட்டையிட்டிருக்கிறது. மகன் புதுப் பாட்டைக் கற்றான். மகள் புதுப் பாட்டைத் தேடினாள். அந்தப் பாட்டைச் சுற்றி ஒரு புதிய வம்சம் தொடங்கிவிட்டது. 'வம்சம்' என்று நாம் எதைக் கோட்டை மதிலாக நினைக்கிறோமோ, அதற்கு அஸ்திவாரம் ஒரு வளர்ப்புத் தாயின் கூடு!

இதைப் படித்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'பெரியவரே, உம்முடைய குயிலுக்கு என்னுடைய குருவி சரியான பதில்' என்று மனசுக்குள் எழுந்து நின்று வாதாடினேன். ஆனால் வக்கீல் தனக்குச் சாதகமான சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றலாம். உண்மையைத் தேடுகிறவன் அப்படிச் செய்யக் கூடாது. அதே குடும்பத்தில் ஊசிவால் விதவைக் குருவி என்று ஒன்று உண்டு. அதுவும் பிறர் கூட்டில் வளர்வதுதான். ஆனால் அது வளர்த்தவர் பாட்டைப் பாடுவதில்லை. குயில் சில்லை என்று மஞ்சள் நிறப் பறவை ஒன்று உண்டு. அதை வெகு காலம் தூக்கணாங்குருவிக் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். 2001இல் மரபணுச் சோதனை செய்து பார்த்தால், அது விதவைக் குருவிகளின் உறவு! நிறத்திலும் வளர்ப்பு வீட்டிலும் ஒற்றுமை இல்லாத உறவு. ஆனாலும் ரத்தம் ஒன்று. அதன் குஞ்சு இருக்கும் கூட்டில் வீட்டுக்காரக் குஞ்சுகள் பெரும்பாலும் பட்டினியால் செத்துப்போகின்றன. ஆக, ரத்தம் பேசுகிறது என்பதற்கும் இந்தக் குடும்பத்திலேயே சாட்சி இருக்கிறது. வளர்ப்பு பேசுகிறது என்பதற்கும் இருக்கிறது.

அப்படியானால் தீர்ப்பு என்ன?

பறவைகளிடம் தீர்ப்புக் கேட்டதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. 'இதைப் பெற்றது யார்?' என்று கேட்டால் மரபணு பதில் சொல்லும். 'இது யாரைத் துணையாகத் தேடும்? எந்தப் பாட்டைக் கேட்டால் திரும்பிப் பார்க்கும்?' என்று கேட்டால் பாட்டு பதில் சொல்லும். இரண்டும் உண்மையான பதில்கள். ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை மற்றொரு கேள்விக்கும் பதிலாக வைத்துக்கொண்டு, இழுப்பறையை மூடிச் சீட்டு ஒட்டும்போதுதான் பிசகு நேருகிறது.

நம் சட்டம்கூட இதைப் புரிந்து கொண்டிருக்கிறது. 1956இல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. பெண் குழந்தையையும் தத்து எடுக்கலாம் என்று தெளிவாக வழி செய்த சட்டம் அது. தத்தெடுத்த நாள் முதல் குழந்தை எல்லாக் காரியங்களுக்கும் தத்தெடுத்தவர்களின் குழந்தையே என்று சொல்கிறது. அதே மூச்சில் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பிறந்த குடும்பத்திலேயே இருந்திருந்தால் யாரை மணக்க முடியாதோ, அவரை இப்போதும் மணக்க முடியாது. அதாவது, வீடு, பெயர், சொத்து எல்லாம் வளர்த்தவர் பக்கம். ரத்தத்துக்கு உரிய ஒரே ஓர் இடத்தில் ரத்தத்துக்கு மரியாதை. இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில் சொல்லச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருந்த நமக்குத் தெரியவில்லை.

பறவைக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தீச்சில்லை ஏமாந்து வளர்க்கிறது. வாயில் புள்ளி சரியாக இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும்; புள்ளிகள் அதை வசியப்படுத்துகின்றன. என் நண்பரும் அவர் மனைவியும் அப்படி ஏமாந்தவர்கள் அல்லர். தங்கள் ஜாடை இல்லை என்று தெரிந்து, என்னைப் போன்ற 'விதை' சாஸ்திரிகளின் பேச்சைக் கேட்டு, அதற்குப் பிறகும் கை நீட்டி அந்தக் குழந்தையை வாங்கிக்கொண்டவர்கள். குருவியின் தாய்மைக்கு ஒரு முத்திரை தேவைப்பட்டது. இவர்களுக்கு அது தேவைப்படவில்லை. பறவைகளை அளவுகோலாக வைத்து அவர்களை அளக்கப் பார்த்தோமே, அதுதான் வெட்கம்.

குழந்தையும் அப்படித்தான். பாட்டைச் சொல்லிக் கொடுத்தது பாட்டி. மூச்சு வாங்கும் இடத்தைப் பாட்டி சொல்லிக் கொடுக்கவில்லை. அது பாட்டியின் தள்ளாமை. குழந்தை அதையும் பாட்டின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அன்பாகக் கேட்கிற காதுக்குத்தான் பிழை எது, பாட்டு எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது. அப்படி எடுத்துக்கொண்டது அவளுடையது இல்லை என்றால், இந்த உலகத்தில் யாருக்குத்தான் எது சொந்தம்? நான் எழுதும் இந்தத் தமிழ்கூட ரத்தத்தில் வந்தது அல்லவே! யாரோ என் காதில் பேசி வளர்த்தது.

விஜயதசமியன்று நண்பர் வீட்டுக்கு மறுபடியும் போனேன். ஒன்பது வருஷத்துக்கு முன் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நண்பர் சிரித்தார். "அன்றைக்கு நாங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தோம். உங்களிடம் யோசனை கேட்க வரவில்லை. தனியாகப் போகிறோமே, கூட ஒருவர் வருவாரா என்று பார்க்க வந்தேன்" என்றார்.

இதற்கு என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

குழந்தை கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, அன்று பாடிய பாட்டைப் பாடச் சொன்னேன். அவள் உடனே பாடவில்லை. பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி தலையசைத்தாள். குழந்தை பாடினாள். அந்த இடம் வந்தது. நிறுத்தினாள். பாட்டியும் தன்னை அறியாமல் மூச்சை நிறுத்தியதை நான் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த எழுத்துக்குப் போனார்கள்.

மச்சத்தினால் மகனைக் கண்டுபிடிக்கும் தாய் ஒருத்தி என் அடுத்த நாவலுக்காகக் குறிப்பேட்டில் காத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்து அடித்துவிட்டேன்.